இம்பேஷன்ஸ் ஏன் பூக்க மாட்டேன் என்கிறது?

ஓசூர் நர்சரியில் பூத்துக் குலுங்கிய இம்பேஷன்ஸ், கிருஷ்ணகிரிக்கு வந்ததும் வாடிவிட்டது என்று எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரே புலம்பல். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் வாடாமல் என்ன செய்யும்? நம் காசித்தும்பை வெயிலைத் தாக்குப்பிடிக்கும். அதன் உறவுக்காரியான இது கிழக்கு ஆப்பிரிக்காவின் நிழற்செடி. காலை வெயில் மட்டும் படும் இடமே போதும்.

தொட்டியைத் தூக்கினால் கல் கனம். அடித்துளையைச் செம்மண் இறுக அடைத்திருந்தது. மதியம் இலை தொங்கியதும் அக்கா தண்ணீர் ஊற்ற, வேர் அழுக, மறுபடி இலை தொங்க, மறுபடி தண்ணீர்! மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றச் சொன்னேன். தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தால் மண் இளகும்.

அப்புறம் அக்கா போட்ட அந்த யூரியா. அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலைதான் கொழுகொழுவென்று வரும், பூ வராது. நெட்டையாகப் போன தண்டைக் கணுவுக்கு மேல் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும், பூவும் வரும்.

இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து இலை கொட்டினால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். வேரோடு பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல. அந்த மண்ணில் மறுபடி இதையே வைக்காதீர்கள்.

கிள்ளிய தண்டு தண்ணீரில் வைத்தாலே வேர் விடும். இரண்டு எனக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.