செவலையின் சோற்றுத் தட்டு

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

செவலை எங்கள் நாய்க் காப்பகத்துக்கே திரும்பி வந்துவிட்டான். தத்துப் போய் ஒன்பது நாள்தான் ஆகிறது.

கொண்டுவந்து விட்டவர் கோபப்படவே இல்லை. வலது கையில் கட்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடலாம் என்று தட்டை எடுக்கக் குனிந்திருக்கிறார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இரண்டு பல் இறங்கிவிட்டது. உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவியிருக்கிறார். அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் ஊசியும், காயத்தைச் சுற்றிப் போடும் ஊசியும் போட்டாயிற்று. மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் பாக்கி. செவலைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறோம். ஆனாலும் பத்து நாள் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சொன்னோம்தான். தத்து விளம்பரத்தில் "சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் முறைப்பான்" என்று ஒரு வரி இருந்தது. அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லைப் போட்டது நான். அப்படிப் போட்டால்தான் யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்துத்தான் போட்டேன். இன்று முழுக்க அந்தச் சொல்தான் மனசில் ஓடுகிறது.

செப்டம்பர் 10, புதன்

அவனைப் பற்றி முழுதாக எழுதி வைக்கிறேன்.

வயது நான்கு இருக்கும். செந்நிற உடம்பு, கரிய மூஞ்சி. கோம்பைக் கலப்பு என்கிறார் டாக்டர். கருத்தடை ஆகிவிட்டது, காதில் வெட்டு அடையாளம் இருக்கிறது. போன வருடம் மார்ச்சில், பாதியில் நின்றுபோன ஒரு கட்டட வேலை நடந்த இடத்தில் கிடைத்தான். கழுத்தில் சங்கிலி, சங்கிலிக்கு அடியில் புண். பக்கத்தில் இன்னும் மூன்று நாய்கள். நான்குக்கும் சேர்த்து ஒரே இடத்தில் சோற்றைக் கொட்டிவிட்டுப் போவார்களாம். சங்கிலி எட்டுகிற தூரத்தில் விழுந்ததுதான் அவனுக்கு.

அப்படி வளர்ந்தவன் தட்டை விட்டுக்கொடுப்பானா? யாராவது நெருங்கினால் முதலில் வேகவேகமாக விழுங்குவான். அப்புறம் உடம்பு விறைக்கும். தலை தட்டிலேயே இருக்கும், கண் மட்டும் நம் பக்கம் திரும்பும், ஓரத்தில் வெள்ளை தெரியும். உதடு ஏறும். உர்ர் என்பான். இத்தனைக்கும் பிறகுதான் வாய் வைப்பான். இத்தனை தடவை "வராதே" என்று சொல்கிற ஒரு பிராணியைத் திடீரென்று கடிக்கும் நாய் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

காப்பகத்தில் ரொம்ப வருடமாக இருக்கும் அண்ணன் ஒருவர், "உறுமும்போதே ஒண்ணு போட்டா அடங்கிடும் பாப்பா" என்றார். நல்ல மனிதர், நாய்களுக்காக ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறவர். ஆனால் இதில் அவர் சொல்வது தப்பு. அடித்தால் உறுமுவதுதான் நிற்கும், பயம் நிற்காது. அடுத்த முறை உறுமாமலே கடிப்பான். அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். கேட்டுக்கொண்டார், ஆனால் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் நாய்க்கடியை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார். பல்லே படாமல் காற்றில் கடிப்பது முதல் நிலை, ஆளைக் கொன்றுவிடுவது ஆறாவது. ஒரே கடி, பல்லின் பாதி ஆழத்துக்கு மேல் போகாத ஒன்று முதல் நான்கு துளைகள் என்றால் மூன்றாவது. செவலை மூன்றில் இருக்கிறான். இனி கேட்கிறவர்களுக்கு இந்த எண்ணையும் சொல்லிவிடப் போகிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

புது விளம்பரம் எழுதினேன். மூன்று தடவை கிழித்துப் போட்டு எழுதியது:

"செவலை, நான்கு வயது ஆண். சாப்பிடும்போது அருகில் போனவரைக் கடித்திருக்கிறான், காயம் ஆழமானது. ஹெல்மெட் போட்டவர்களையும் கையில் கம்பு வைத்திருப்பவர்களையும் கண்டால் பாய்வான். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குத் தர மாட்டோம். காவலுக்கும் தர மாட்டோம். பழகிய ஆளின் காலடியில் மணிக்கணக்கில் படுத்திருப்பான். மழை பெய்தால் உங்கள் பின்னால் வந்து ஒளிந்துகொள்வான்."

தோழி படித்துவிட்டு, "இதைப் படிச்சா யாருடி கூப்பிடுவா?" என்றாள். கூப்பிடாவிட்டால் பரவாயில்லை. இன்னொருவர் கையில் கட்டோடு வந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

செப்டம்பர் 28, ஞாயிறு

வாரத்தில் நான்கு நாள் காலையில் போகிறேன். செய்கிற வேலை ஒன்றேதான். அவன் தட்டில் வெறும் சோறு இருக்கும். எட்டடி தள்ளி நின்று, வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டை எறிவேன். திரும்பி நடந்துவிடுவேன். மறுபடி வருவேன், எறிவேன், போவேன். மனுஷர் பக்கத்தில் வந்தால் தட்டில் குறையாது, கூடும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். தட்டைத் தொடுவதே கிடையாது. விறைத்தான் என்றால் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று அர்த்தம், ஓரடி பின்னால் போக வேண்டும்.

மூன்று வாரத்தில் எட்டடி ஐந்தடி ஆகியிருக்கிறது. இன்று நான் வருவதைப் பார்த்ததும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தான். வால் லேசாக ஆடியது. வீட்டுக்கு வந்தும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தேன்.

வாய்ப்பூட்டும் பழக்குகிறோம். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்கும் கூடை மாதிரியானது. உள்ளே தயிர் தடவி நீட்டினால் தானே மூக்கை நுழைக்கிறான். வார் மாட்டுவது அடுத்த மாதம்தான்.

அக்டோபர் 5, ஞாயிறு

இதுவரை பதினொரு அழைப்புகள். நாலு பேர் "கடிக்கிற நாய்தான் வேணும்" என்றார்கள். ஒருவருக்கு குடோன் வாசலில் கட்டிப்போட வேண்டுமாம். திரும்பவும் சங்கிலியா? முடியாது என்றேன். இன்னொருவருக்குக் கோம்பை குட்டி எடுக்க வேண்டும். கருத்தடை ஆனவன் என்றதும் போனை வைத்துவிட்டார்.

ஒரு தம்பதிக்குத்தான் மறுப்புச் சொல்ல மனசே வரவில்லை. இரண்டு பேரும் நாய்களோடு வளர்ந்தவர்கள், பெரிய வாசல், நிறைய பொறுமை. ஆனால் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. "நாங்க பாத்துக்குவோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். குழந்தை ஒரு நாள் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்த பிஸ்கட்டை எடுக்கக் குனியும். அந்த ஒரு நாளுக்காகத்தான் முடியாது என்றேன். அந்த அம்மா அழுதுவிட்டார்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

மாலை ஐந்திலிருந்து காப்பகத்தில்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நான்கு மணிக்கே கொடுத்துவிட்டோம். ஜன்னலுக்குச் சாக்கு, ரேடியோ சத்தமாக. செவலை என் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து, இரவு பதினொன்று வரை நடுங்கிக்கொண்டே இருந்தான். சோறு அப்படியே இருந்தது.

நவம்பர் 8, சனி

நேற்று உச்ச நீதிமன்ற உத்தரவு வந்ததிலிருந்து காப்பகத்துக்குப் போன் ஓயவில்லை. பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் போன்ற இடங்களில் இருக்கும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்கிறது உத்தரவு. ஆகஸ்ட் 22-ல் வந்ததில், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவையும் ஆக்ரோஷமானவையும் தவிர, என்று இருந்தது. அந்த "ஆக்ரோஷமானவை" என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இவன் முகம்தான் வருகிறது.

எங்களிடம் இடம் இல்லை. மூன்று நாய் இருக்க வேண்டிய கூண்டில் செவலை ஒருவன் இருக்கிறான். இன்றைய கூட்டத்தில் ஒருவர் கேட்டேவிட்டார், "இவனை இன்னும் எத்தனை நாள் வெச்சிருக்கறது?" எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. வாசலில் அடிபட்டு வரும் குட்டிகளை எங்கே வைப்பது? ஜனவரி வரை பார்க்கலாம் என்று முடிவாயிற்று. ஜனவரிக்குப் பிறகு என்ன என்று யாரும் பேசவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

பொள்ளாச்சி தாண்டி ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பால்மாடு வைத்திருக்கிறார், தென்னந்தோப்புக்குள் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், தனியாகக் குடியிருக்கிறார். விளம்பரத்தைத் தம்பி மகன் படித்துக் காட்டினானாம்.

எல்லாரும் கேட்கிற எதையும் அவர் கேட்கவில்லை. "அம்மிணி, கடிச்சான்னு போட்டிருக்கறீங்களே, கடி வாங்குன கை அப்ப என்ன பண்ணீட்டு இருந்துச்சுங்க?" என்றார்.

தட்டை எடுக்கப் போனது என்றேன்.

"பின்ன? கன்னு ஊட்டறப்ப குறுக்க போனா எங்க மாடே ஒதைக்குதுங்க."

நவம்பர் 23, ஞாயிறு

அக்கா பஸ் ஏறி வந்தார். கூண்டுக்கு வெளியே தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்தார். கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை, செவலையைப் பார்க்கக்கூட இல்லை. என்னோடு தீவன விலை பேசிக்கொண்டிருந்தார். புண்ணாக்கு மூட்டை என்ன விலை, பருத்திக்கொட்டை என்ன விலை. இருபது நிமிடம் கழித்து அவன் கம்பி ஓரம் வந்து சேலையை மோந்து பார்த்தான். மாட்டு வாசம், பால் வாசம். அக்கா அப்போதும் திரும்பவில்லை. புத்தகம் படித்து நான் கற்றுக்கொண்டதையெல்லாம் இவர் மாடு கட்டும் கட்டுத்தறியில் கற்றிருக்கிறார்.

வாய்ப்பூட்டைக் காட்டினேன். "கன்னுக்குப் போடறதுதானுங்களே" என்று வாங்கி, உள்பக்கம் தடவிப் பார்த்தார், எங்கேயாவது உரசுமா என்று.

டிசம்பர் 7, ஞாயிறு

தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது. கோழி கிடையாது. பக்கத்துத் தோட்டம் கூப்பிடு தூரம். ஆனைமலைப் பக்கம் என்பதால் சிறுத்தை பயம் உண்டு, இரவில் நாய் சாளைக்குள்தான் படுக்க வேண்டும் என்றேன். "வெளிய விட்டா எனக்குத் தூக்கம் வருமுங்களா?" என்றார்.

சிக்கல் கம்பில்தான். மாடு ஓட்டக் கம்பு இல்லாமல் முடியுமா? தினமும் பால் எடுக்க வருபவர் ஹெல்மெட்டோடு வருகிறார். இரண்டுமே செவலை பாய்கிற விஷயங்கள். திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். பாதி வழியில் அக்கா போன் பண்ணினார். பால்காரர் கேட்டிலேயே ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு நடந்து வர ஒத்துக்கொண்டாராம். கம்புக்கும் வழி சொன்னார். கம்பைத் தரையில் போட்டு வைத்து, அதன் பக்கத்திலேயே ஒரு வாரம் ஈரல் போடுவாராம், அப்புறம் கையில் எடுப்பாராம். நான் சொல்லிக்கொடுக்காத யோசனை அது.

டிசம்பர் 21, ஞாயிறு

இன்று அனுப்பிவிட்டோம். தத்து இல்லை, முதலில் இரண்டு வாரம் தங்கல். மூன்று நாள் மிரண்டு கிடப்பான், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம் ஆகும், இது நம் இடம் என்று தோன்ற மூன்று மாதம் ஆகும் என்று எல்லாருக்கும் சொல்கிற கணக்கை அக்காவுக்கும் சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், ஒரு குறையும் சொல்லாமல் திரும்ப அழைத்துக்கொள்வோம் என்று எழுதியும் கொடுத்தேன். கூண்டைக் கழுவிவிட்டோம். சாயங்காலமே அதில் மூன்று குட்டிகள் வந்துவிட்டன.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

இரண்டு வாரத்தில் ஒரே ஒரு சம்பவம். கட்டுத்தறியில் இருந்த தவிட்டு வாளியையும் தன்னுடையது என்று முடிவு செய்து, மாட்டைப் பார்த்து உறுமியிருக்கிறான். மாடு அசையவில்லை. அக்கா வாளியை உயரத்தில் மாட்டிவிட்டார், அவனுக்குச் சோறு திண்ணை மூலையில், யாரும் கடக்காத இடத்தில். அவ்வளவுதான். அவனைத் திட்டவே இல்லையாம்.

தடுப்பூசிப் புத்தகத்தையும் தத்துப் படிவத்தையும் கூரியரில் அனுப்பினேன். படிவத்தில் "நாயின் பழக்கங்கள்" என்ற இடத்தில், செப்டம்பரில் எழுதியதை ஒரு சொல் குறைக்காமல் எழுதினேன். அக்கா கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விட்டேன். பட்டியில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் ஊற்றிப் பூப்போட்டிருந்தார்கள். கொம்புக்கு வர்ணம், கழுத்தில் புது மணி. சொந்தக்காரர்கள் பத்துப் பேர் வருவார்கள் என்பதால் செவலை சாளைக்குள், கதவு சாத்தி. அது அக்காவே எடுத்த முடிவு. கூட்டம் கலைந்த பிறகுதான் வெளியே விட்டார்.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்து முழங்காலில் முட்டினான். எடை கூடியிருக்கிறான். கழுத்துப் புண் இருந்த இடத்தில் முடி முளைத்திருக்கிறது. அக்கா கம்போடு மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டினார். அவன் ஒரு தடவை கம்பைப் பார்த்தான். அப்புறம் நாலடி தள்ளி அவர் பின்னாலேயே போனான்.

மதியம் திண்ணை மூலையில் அவனுக்குப் பொங்கல் வைத்தார், சர்க்கரை போடாதது. நான் போட்டோ எடுக்கலாம் என்று கொஞ்சம் கிட்டே போனேன். கண் திரும்பியது, வெள்ளை தெரிந்தது. உர்ர்.

நின்ற இடத்திலிருந்து இரண்டடி பின்னால் வந்தேன்.

"அவன் சாப்பிட்டுட்டு வரட்டும் அம்மிணி" என்றார் அக்கா. "நீங்க வந்து காப்பி குடிங்க, ஆறுது."