வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்ட கதை

ஆகஸ்ட் 15 கிராம சபையில், ஊருணிக்கு நீர் வரும் வரத்துக் கால்வாயைத் தூர்வார வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். மூவாயிரம் பேரைத் தாண்டிய ஊராட்சி என்பதால் 200 பேர் வர வேண்டும், வந்தார்கள். கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். அங்கேதான் கோட்டை விட்டோம்.

ஒரு வாரம் கழித்து நகல் கேட்டால், பதிவேடு ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது என்றார் ஊராட்சிச் செயலர். அங்கே அரை நாள் உட்கார வைத்த எழுத்தர், "இது வட்டார ஊராட்சி. நீங்கள் கிராம ஊராட்சிக்கான வட்டார வளர்ச்சி அலுவலரை (பி.டி.ஓ.) பாருங்கள்" என்றார். ஒரே கட்டடத்தில் இரண்டு பி.டி.ஓ. என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த இன்னொருவரோ ஆய்வுக்குப் போயிருந்தார். ஒரு நாள் பிழைப்புப் போனதுதான் மிச்சம்.

பிறகு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். "ஏன் தரவில்லை" என்றெல்லாம் கேட்டுவிடாதீர்கள். தீர்மானப் பதிவேட்டின் அன்றைய பக்கங்களின் நகல் என்று மட்டும் கேளுங்கள். மேசை மாறிப் போனாலும் 6(3) பிரிவின்படி அவர்களே உரிய இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். 27ஆம் நாள் உறை வந்தது.

டெங்கு தடுப்பு இருந்தது, பிளாஸ்டிக் ஒழிப்பு இருந்தது, குடிநீர்ச் சிக்கனம் இருந்தது. கால்வாயைக் காணோம். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே என் கையெழுத்து, சந்தேகமே இல்லாமல் நான் போட்டது! கூட்டம் தொடங்கும் முன்பே செயலர் நீட்டிய வெற்றுப் பக்கம் அது.

அக்டோபர் 2 கூட்டத்துக்கு முன்பே கோரிக்கையை எழுதிக் கொடுத்து, என் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். கூட்டத்தில் அதை, கண்காணிக்க வந்த அரசு அலுவலரான பற்றாளரிடம் நீட்டி, எழுதி வாசித்த பிறகே கையெழுத்து என்றேன். "அப்புறம் எழுதிக்கொள்ளலாம் அண்ணே" என்றார் செயலர். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் முன்வரிசையை விட்டு எழுந்திருக்கவில்லை. "எழுது தம்பி, எங்களுக்கு அவசரமில்லை" என்றார் ஒரு பாட்டி.

எழுதினார். வாசிக்கச் சொன்னால், 'வரத்துக் கால்வாய்' இருக்க வேண்டிய இடத்தில் 'கழிவுநீர் வடிகால்'! அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வைத்து, கைபேசியில் படம் எடுத்த பிறகுதான் பேனாவைத் திறந்தேன்.

கால்வாயில் இன்னும் ஒரு மண்வெட்டிகூட விழவில்லை. நவம்பர் 1 கூட்டத்துக்கு அந்தப் படத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.