மீன ராசிக்காரரின் காத்திருப்பு

கட்டணத் தொலைபேசிச் சேவை ஒன்றில் ஒலிப்பதிவுகளுக்கு உரை எழுதுபவனாக நான் சேர்ந்த அன்று, என் மேசைக்கு முதலில் வந்து சேர்ந்தது ஒரு ஸ்டாப்வாட்ச். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அது எத்தனை நொடி ஓடுகிறது என்பதைத் தாளின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்றார்கள். வானிலை, விளையாட்டுச் செய்தி, அன்றாட நகைச்சுவை, ராசிபலன், சிறுவர் தொடர்கதை என்று எல்லாவற்றுக்கும் இதே அளவைதான். அழைப்பவரிடம் நிமிடக் கணக்கில் பணம் வசூலிக்கப்படும். அது அவருடைய வழக்கமான தொலைபேசி பில்லிலேயே சேர்ந்து வரும். தொலைபேசி நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை எங்களுக்கு அனுப்பும். கேட்பதற்கு எளிமையாக இருந்த இந்த ஏற்பாடு என் வாக்கியங்களை என்ன செய்யப்போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ராசிபலனில்தான் அது முதலில் தெரிந்தது. தம் ராசிக்கான எண்ணை அழுத்தித் தேர்வு செய்யும் முறைக்கு, ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஒலி எழுப்பும் தொலைபேசி தேவை. அத்தகைய கருவிகள் 1963-இலேயே அமெரிக்காவில் அறிமுகமாகிவிட்டன என்றாலும், எங்களை அழைத்தவர்களில் பெரும்பாலோரிடம் வட்டைச் சுழற்றும் பழைய தொலைபேசியே இருந்தது. ஆகவே பதிவு மேஷத்தில் தொடங்கி வரிசையாக ஓடும். மேஷ ராசிக்காரர் அரை நிமிடத்தில் தம் பலனைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். மீன ராசிக்காரரோ மற்ற பதினொருவரின் பணவரவையும் உடல்நலத்தையும் கேட்டு முடித்த பிறகுதான் தம்முடையதை அடைவார். ஒரே பலனுக்குப் பல மடங்கு விலை. வரிசையை வாரத்துக்கு ஒரு முறை மாற்றலாம் என்று நான் சொன்னேன். மேலாளர் சிரித்துவிட்டு, "மீனத்தை எங்கே வைத்தாலும் கடைசியில் ஒருவர் நிற்கத்தானே வேண்டும்?" என்றார். பதில் சரியானதுதான், ஆனாலும் அதற்குப் பிறகு மீனத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகவே நல்ல பலன் எழுதி வந்தேன்.

இது ஏதோ புதுத் தொழில் என்றே எங்களில் பலரும் நினைத்தோம். ஓய்வு நேரத்தில் தேடிப் படித்தபோதுதான் இதன் வயது தெரிந்தது. 1881-இல் பாரிஸ் மின்காட்சியில் கிளெமான் அடேர் என்பவர் நாடக அரங்கின் இசையைத் தொலைபேசிக் கம்பி வழியே கேட்கச் செய்தார். 1890-இல் அது வணிகமாக மாறி, காசு போடும் கருவிகளில் 50 சாந்தீமுக்கு (அரை ஃபிராங்குக்கு) ஐந்து நிமிட இசை கிடைத்தது. 1893 முதல் புடாபெஸ்டில் சந்தா கட்டியவர்கள் தொலைபேசியிலேயே செய்தி கேட்டார்கள். 1933-இல் பாரிஸ் வானாய்வகம் நேரம் சொல்லும் தானியங்கிக் குரலைத் தொடங்கிய முதல் நாளில், அழைத்தவர்களில் பெரும் பகுதியினருக்கு லைனே கிடைக்கவில்லை. ஒரு தகவலுக்காகவோ சற்று நேர இன்பத்துக்காகவோ தொலைபேசியை எடுக்கும் பழக்கம் எங்களால் உண்டானதல்ல. பணம் கைமாறிய விதம்தான் மாறியிருந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்கான காசை, இசை கேட்டவர் தம் விரலாலேயே கருவிக்குள் போட்டார். அது தீர்ந்ததும் இசை நின்றது. எங்கள் வாடிக்கையாளருக்கோ பாட்டு முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் விலை தெரிந்தது.

இடையில் அமெரிக்காவில் 900 என்று தொடங்கும் கட்டண எண்கள் வந்தன. 1980-இல் அதிபர் வேட்பாளர்களான கார்ட்டர், ரீகன் இருவரின் தேர்தல் விவாதம் முடிந்த இரவில், விவாதத்தில் வென்றவர் யார் என்று சொல்ல ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் அழைப்புக்கு 50 சென்ட் கொடுத்து அழைத்தார்கள். 1982-இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி, ஒரு சிங்கி இறாலைக் கொதிக்கும் நீரில் போடலாமா வேண்டாமா என்று கேட்டதற்கும் லட்சக்கணக்கானோர் பணம் கட்டி வாக்களித்தார்கள். (அன்று பிழைத்த அந்த இறால் அடுத்த வாரமே சமையலாகிவிட்டது வேறு கதை.) அழைப்புக்கு ஒரே விலை என்று இருந்தவரை யாரும் எதையும் நீட்ட வேண்டிய தேவை இல்லை. நிமிடக் கணக்கும், தகவல் தருபவருக்கு வருவாயில் பங்கும் சேர்ந்த பிறகுதான், என்னைப் போன்றவர்களின் மேசைக்கு ஸ்டாப்வாட்ச் வந்தது. சுருக்கமாக எழுதுவது எழுத்தாளனுக்குச் சிறப்பு என்று படித்து வளர்ந்தவன், "சற்றே பொறுங்கள்", "உங்களுக்காகவே தேர்ந்தெடுத்த" போன்ற சொற்களைப் பஞ்சு போல இடையிடையே அடைக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆள் பற்றாக்குறையால் இரண்டு மாதம் புகார்ப் பிரிவில் உட்கார வேண்டி வந்தது. அழைத்தவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர் என்பதே பெரும்பாலான புகார்களின் சாரம். ஒரு நாள் ஓர் அம்மா பேசினார். பள்ளி விட்டு வந்த மகன், அவர் வேலையிலிருந்து திரும்பும்வரை, தினமும் எங்கள் தொடர்கதையைக் கேட்டிருக்கிறான். அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, அந்தக் கதையில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஒவ்வொரு பகுதியையும் ஒரு கதவு திறக்கும் தறுவாயில் நிறுத்தி, "உள்ளே யார் என்று அறிய மீண்டும் அழையுங்கள்" என்று முடித்தவன் நான். அந்த வரியைப் பற்றி அலுவலகத்தில் பெருமையாகப் பேசியும் இருக்கிறேன். அவரிடம் விதிமுறையைச் சொன்னேன். தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யப் பரிந்துரை எழுதினேன். அவருடைய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

அமெரிக்காவில் 1992-இல் சட்டமும் அடுத்த ஆண்டில் விரிவான விதிகளும் வந்தன. இரண்டு டாலருக்கு மேல் ஆகும் அழைப்பின் தொடக்கத்தில் விலையைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பின் மூன்று நொடிக்குள் வைத்துவிட்டால் கட்டணம் கிடையாது. இந்தப் பணத்தைக் கட்டவில்லை என்பதற்காக வீட்டுத் தொலைபேசியைத் துண்டிக்கக் கூடாது. எங்கள் நிறுவனமும் பிறகு இத்தகைய முன்னறிவிப்பைச் சேர்த்தது. எழுதியது நான்தான். பதிவின்போது அதை மட்டும் வேகமாகப் படிக்கச் சொன்னார்கள். அப்படியும், விலை காதில் விழுந்த உடனே வைத்தவர்களின் எண்ணிக்கை எங்கள் பதிவேட்டில் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன்பு அவர்களிடமும் பணம் வாங்கியிருக்கிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அச்சைப் படிக்க இயலாதவர்கள் செய்தி கேட்டார்கள். பயணம் புறப்படுமுன் வானிலை கேட்டவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை. பின்னர் இணையம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பிரான்ஸில் தொலைபேசிக் கம்பி வழியே திரையில் தகவல் காட்டிய மினிடெல் சேவை 2012-இல் நின்றது. எங்களுடையதைப் போன்றே கட்டணத் தொலைபேசிச் சேவையான ஜப்பானின் டயல் க்யூ2 2014-இல் முடிந்தது. எங்களுடையது அவற்றுக்கு வெகு முன்பே, செய்தித்தாளில் ஒரு வரிகூட வராமல் நின்றுபோனது.

எங்கள் எண்ணை அழைப்பவர்களுக்கான கடைசி அறிவிப்பையும் நானே எழுதினேன். "இந்தச் சேவை நிறுத்தப்பட்டுள்ளது. இந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை." படித்துப் பார்த்தபோது ஆறு நொடி ஓடியது. நீட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.