காய் பிடித்தது, விதைதான் இல்லை

முதுகலை ஆய்வுக்கு வெண்டையையும் டெட்ராபில்லஸ் என்ற காட்டு வெண்டையையும் கலக்கச் சொன்னார் ஆய்வு வழிகாட்டி மேடம். மஞ்சள் நரம்பு தேமல் நோய்தான் காரணம். வெள்ளை ஈ பரப்பும் அந்த நோய் வந்தால் நம் வெண்டை வயலே மஞ்சளாகிவிடும். காட்டு வெண்டைக்கு ஒன்றும் ஆகாது.

கலப்புச் செய்வது சுலபம். மறுநாள் விரியும் மொட்டில் மாலையே மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, பட்டர் பேப்பர் உறை மாட்டி, காலையில் காட்டு மகரந்தத்தைத் தடவினேன். கலப்பு விதைகள் கிடைத்தன. பாதியை விதைத்தேன். செடிகள் ஆளுயரம் வளர்ந்து பூத்துத் தள்ளின. ஓர் இலையிலும் மஞ்சள் இல்லை. பட்டமே வாங்கிவிட்ட நினைப்பு எனக்கு.

காயைப் பிளந்தால் உள்ளே பதர். "வளத்தி இருக்கு, வெதை இல்லையே பாப்பா" என்றார் பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா.

ஏன் என்று பார்க்க அடுத்து நுண்ணோக்கி. ஆல்கஹால் மூன்று பங்கு, அசெட்டிக் அமிலம் ஒரு பங்கு கலந்து இளமொட்டுகளை ஊறவைத்து, மகரந்தப் பையை அசெட்டோகார்மைன் என்ற சாயத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். மொட்டு சற்றுப் பெரிதானால் மகரந்தமே உருவாகியிருக்கும். சிறிதானால் செல் பகுப்பு தொடங்கியிருக்காது. சரியான அளவு பிடிபடவே ஒரு மாதம் ஆனது. அதிலும் வெண்டைக்குப் பொதுவாக 130 குரோமோசோம்கள், கடுகைக் கொட்டியதுபோல. (தக்காளிக்கு வெறும் 24. அந்த ஆய்வு பக்கத்து மேசைக்காரிக்குப் போயிற்று.)

தாய்ச்செடியில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாகச் செல்லின் நடுவில் நின்றன. கலப்பில் பல குரோமோசோம்கள் ஜோடியில்லாமல் சிதறிக் கிடந்தன. பிரியும்போது வாய்த்த பக்கம் போயின, சில நடுவிலேயே தங்கின. மகரந்தத்திலும் பெரும்பாலானவை சாயம் ஏறாத சுருங்கிய தோல்கள்.

மீதி விதைகளை முளைக்கவிட்டு, குருத்தில் 0.1 சதவீதக் கொல்கிசின் (குரோமோசோம்களை இரட்டிக்க வைக்கும் வேதிப்பொருள்) நனைத்த பஞ்சை வைத்தேன். இரட்டித்தால் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தன் நகலே ஜோடி. வெண்டையே அப்படி வந்ததாக ஒரு கருத்து உண்டு: 58 உள்ள இனமும் 72 உள்ள இனமும் பாதிப் பாதி தந்து கலந்து 65 ஆகி, அது இரட்டித்து 130.

பெரும்பாலான நாற்றுகள் கருகின. பிழைத்த ஒன்றில் ஒரு கிளை மட்டும் தடித்த இலையும் பெரிய பூவுமாக வந்தது. அதன் முதல் காயில் ஏழு விதைகள். முளைத்தவை நான்கு, அவற்றை மறுபடி வெண்டையோடு கலந்திருக்கிறேன்.