பெட்டி மேல் 'டோட்டல்', உள்ளே பாதிதான்

நோய் எதிர்ப்புக்கான டி செல்லைத் தூண்டினால், மைக்ரோ ஆர்என்ஏ எனும் குட்டி ஆர்என்ஏக்களில் மிர்-155 ஏறும், மிர்-150 இறங்கும். தெரிந்த சங்கதிதான். எங்கள் கோலாலம்பூர் லேபில் இரண்டு மாதமாக இரண்டுமே பிசிஆரில் 35 சுழற்சிக்கு மேல்தான் வந்தன. வரவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லன் ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் கிட்தான். பெட்டி மேல் 'டோட்டல் ஆர்என்ஏ' என்று கொட்டை எழுத்து. விற்க வந்தவரைக் கேட்டால், "எல்லாமே வரும் டாக்டர்" என்றார். கையேட்டுக்குள் பொடி எழுத்தில் இருந்தது: 200 நியூக்ளியோடைடுக்குக் குறைந்தவை வடிகட்டியில் தங்காது. மைக்ரோ ஆர்என்ஏவின் நீளமோ ஏறத்தாழ 22. வேண்டியதையெல்லாம் சிங்கில் கொட்டிக்கொண்டிருந்தோம். தர அறிக்கையும் காப்பாற்றாது. பெரிய ரைபோசோம் ஆர்என்ஏக்களான 28எஸ், 18எஸ் சிகரங்கள் ஜம்மென்று நிற்கும், ஆர்என்ஏ சிதையாமல் இருப்பதைச் சொல்லும் ஆர்ஐஎன் மதிப்பெண் பத்துக்கு 9 காட்டும். சின்னது போனது அதற்குத் தெரியாது.

சூட்சுமம் எத்தனாலில். 70 விழுக்காட்டு எத்தனாலைச் சம அளவு சேர்த்தால் பெரியவை மட்டுமே ஒட்டும். சின்னதும் ஒட்டவேண்டுமானால், குளோரோஃபார்முக்குப் பின் எடுத்த மேலடுக்கு 350 மைக்ரோலிட்டர் என்றால் 100 விழுக்காட்டு எத்தனால் 525, ஒன்றரை மடங்கு. சேர்ந்தால் 875. வடிகட்டிக் குழாய் கொள்வது 700. இரண்டு தடவையாக ஏற்றுங்கள்.

டி செல் எடுக்க இரத்தம் கிள்ளானிலிருந்து வரவேண்டும். பெடரல் ஹைவே ஜேமில் இரண்டு மணி நேரம். கொண்டுவந்த தம்பி, பாவம், அக்கறையாக -20 பெட்டி ஐஸ் பேக்கைக் குழாய்களோடு ஒட்டிக் கட்டியிருந்தார். உறைந்தால் சிவப்பணு வெடிக்கும். சுழற்றிப் பார்த்தால் பிளாஸ்மா அப்படியே சிராப் நிறம். யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். மிர்-16ஐ ஒப்பீட்டுக்கு வைப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து, சிவப்பணுவில் அது கொழிக்கிறது. அறை வெப்பநிலையில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாயில் வரட்டும். அதே வேலைக்கான ஹெப்பாரின் பச்சை மூடி பிசிஆரைக் கெடுக்கும். ஃபைகோல் திரவத்தின் மேல் சுழற்றி வெள்ளணுக்களைப் பிரிக்கும்போது சுழற்றியின் பிரேக்கை அணைத்துவிடுங்கள். பிறகு 200 ஜியில் கழுவினால் தட்டணுக்கள் குறையும், அவற்றின் மிர்-223உம் குறையும்.

ஒப்பீட்டுக்கு வழக்கமாக வைக்கும் யு6 எனும் சிறு ஆர்என்ஏவை மட்டும் நம்பியும் கணக்குப் போடாதீர்கள். தூண்டிய டி செல்லில், மைக்ரோ ஆர்என்ஏவைத் தாங்கிப் பிடிக்கும் ஏஜிஓ2 புரதம் சிதைவதால் மைக்ரோ ஆர்என்ஏக்கள் மொத்தமாகவே சரியும். யு6க்கு ஏஜிஓ2 தயவு தேவையில்லை. செல்லை எண்ணிக்கொண்டு, மனிதரிடம் இல்லாத, புழுவின் மிர்-39ஐ வெளியிலிருந்து அளந்து சேர்ப்பதே உருப்படியான வழி. செல்லை உடைக்கும் லைசிஸ் திரவம் ஊற்றிய பிறகுதான் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் நொதி தின்றுவிடும். அந்தப் பிழையையும் ஒருமுறை செய்து முடித்தாயிற்று.