எதைக் குலைக்கிறது, யாருக்கு இடையூறு?

சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் என்னிடம் வந்தன. ஒன்று, ஒரு பள்ளி மாணவனின் பெற்றோருக்கு அனுப்பும் கடிதம். மற்றொன்று, புதிதாகத் தொடங்கிய ஒரு செயலி நிறுவனத்தின் கையேடு. இரண்டையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க வேண்டும். இரண்டிலும் 'டிஸ்ரப்டிவ்' (disruptive) என்ற சொல் இருந்தது. கடிதத்தில் அது புகார், கையேட்டில் பெருமை.

முதலில் கையேட்டை எடுத்தேன். 'சந்தையைச் சீர்குலைக்கும் செயலி' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டது. "எங்களையே திட்டுற மாதிரி இருக்கு மேடம்" என்றார் அந்த நிறுவனத்துக்காரர். அவர் சொன்னது நியாயம்தான்.

அப்புறம்தான் சொல்லின் வேரைத் தேடிப் போனேன். லத்தீனில் 'ரும்பெரே' என்றால் உடைப்பது. 'இன்டரப்ட்', 'பேங்க்ரப்ட்' எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. 'டிஸ்டர்ப்' இதற்குப் பக்கத்தில் நிற்கும் சொல், ஆனால் இது இல்லை. கூட்டம் நடக்கும்போது செல்போன் அடித்தால் டிஸ்டர்ப். அதனால் கூட்டமே நின்றுபோனால் டிஸ்ரப்ட். ஓடிக்கொண்டிருந்த ஒன்று அறுபட வேண்டும்.

வணிக உலகில் இந்தச் சொல்லுக்குப் பெருமை சேர்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், 1995இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் மேலாண்மைப் பேராசிரியர்கள் ஜோசப் போவரும் கிளேட்டன் கிறிஸ்டென்சனும் எழுதிய கட்டுரை. கிறிஸ்டென்சன் அடிக்கடி காட்டிய உதாரணம் அமெரிக்க எஃகுத் தொழில். பழைய இரும்பை மின் உலையில் உருக்கும் சிறு ஆலைகள் முதலில் கட்டுமானக் கம்பி மட்டும்தான் செய்தன. லாபம் குறைவு என்று பெரிய ஆலைகள் அதை விட்டுக்கொடுத்தன. சிறு ஆலைகள் தரத்தை உயர்த்திக்கொண்டே போய், கடைசியில் தகடு வரை பிடித்துவிட்டன. அடியிலிருந்து ஏறி வருவதுதான் அவர் சொன்ன டிஸ்ரப்டிவ். ஊபர் அந்த வகையில் சேராது என்று 2015இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். புதிதாக வருவதெல்லாம் டிஸ்ரப்டிவ் ஆகிவிடாது.

கையேட்டில் 'தொழில் நடக்கும் முறையையே புரட்டிப்போடும்' என்று மாற்றினேன். அவர்களுக்குத் திருப்தி. எனக்கு முழுத் திருப்தி இல்லை. புரட்டிப்போடும்போது கீழே மாட்டிக்கொள்பவருக்கு அது சீர்குலைவுதானே?

சரி, கடிதம். ஆங்கிலத்தில் 'உங்கள் மகன் டிஸ்ரப்டிவ்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடலாம். உயரம், சிவப்பு என்பது போல அது பிள்ளையின் குணமாகவே ஒட்டிக்கொள்ளும். தமிழில் எழுத உட்கார்ந்தால் சொல்லே கேள்வி கேட்கிறது. குலைக்கிறான் என்றால் எதை? இடையூறு என்றால் யாருக்கு? ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒரு தாய் வாசிக்கப்போகும் கடிதம் அது. 'உங்கள் மகன் இடையூறானவன்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மேலாளரிடம் அனுமதி வாங்கிப் பள்ளிக்குப் போன் செய்தேன். வகுப்பாசிரியை பொறுமையாகச் சொன்னார்: மதிய உணவுக்குப் பிறகு வரும் கணக்கு வகுப்பில்தான் இப்படி, காலையில் ஒரு பிரச்சினையும் இல்லை. அதை அப்படியே எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றார்.

'மதியத்துக்கு மேல் நடக்கும் கணக்கு வகுப்பில் உங்கள் மகன் அடிக்கடி எழுந்து நடக்கிறான். அதனால் பாடம் பாதியில் நிற்கிறது. வீட்டில் மதிய நேரத்தில் அவன் எப்படி இருக்கிறான் என்று சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.'

அந்தக் கடைசி வரி ஆங்கிலக் கடிதத்தில் இல்லை. ஆசிரியை போனில் சொல்லிச் சேர்த்தது.