யூனிக்ஸ் படிக்க எந்த ஓஎஸ்? நான் ஃப்ரீபிஎஸ்டிக்குப் போன வழி

யூனிக்ஸ் படிக்க வேண்டும் என்று யாரிடம் சொன்னாலும் ‘உபுண்டு போடு’ என்பார்கள். யூனிக்ஸைப் பார்த்துச் செய்த லினக்ஸில் ஒரு வகை அது. நானும் போட்டேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வைஃபை, பிரிண்டர், தமிழ் எழுத்துரு எல்லாம் கேட்காமலே வேலை செய்தன. படிக்க வந்தவனுக்கு அதுவே சிக்கல். விண்டோஸில் பார்த்த அதே வேலையை, அதே ஃபயர்ஃபாக்ஸில், மவுஸைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ எடுத்த ஒரு வரியை ஒட்டத்தான், கமாண்டு தட்டும் டெர்மினலைத் திறப்பது.

சரி, வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். யூனிக்ஸ் என்ற பெயருக்கு முறைப்படி சான்றிதழ் வாங்கியது ஆப்பிளின் மேக்ஓஎஸ். படிப்பதற்காக மேக்புக் வாங்க நமக்குக் கட்டுப்படியாகாது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல், கமாண்டுகள் பழகப் போதும். ஆனால் டிஸ்க்கைப் பிரிப்பதும் சிஸ்டம் பூட் ஆவதும் கண்ணில் படாது. கடைசியில் நின்றது ஃப்ரீபிஎஸ்டி. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸை 1970களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் எடுத்து வளர்த்தது பிஎஸ்டி. அந்த வழியில் 1993-இல் கிளம்பியது இது.

லேப்டாப்பில் நேரடியாகப் போடவில்லை. வைஃபை விஷயத்தில் அது லினக்ஸ் அளவுக்குத் தோதுப்படாது. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 1 ஜிபி நினைவகமும் 20 ஜிபி டிஸ்க்கும் ஒதுக்கினேன். நினைவகம் குறைவு என்பதால், டிஸ்க்கில் கோப்புகளை வைக்கும் முறைகளில் இசட்எஃப்எஸ்ஸை விட்டு யூஎஃப்எஸ் எடுத்தேன். மற்றதெல்லாம் என்டர் தட்டினாலே ஓடிவிடும். யூசர் சேர்க்கும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ‘வேறு குழுக்களில் சேர்க்கவா?’ என்று கேட்கும்போது ‘வீல்’ என்று கொடுக்க வேண்டும். காலியாக விட்டால், அந்தக் கணக்கிலிருந்து ‘எஸ்யு’ கமாண்டு போட்டு, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு மாற விடாது. எல்லாம் முடிந்ததும் டெஸ்க்டாப் எதுவும் வராது. கறுப்புத் திரையில் ‘லாகின்’ மட்டும்.

முதல் நல்ல பாடம் பேஷ் மூலம் வந்தது. நாம் தட்டும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல்களில் ஒன்று அது. உபுண்டுவில் ஓடிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இங்கே ஓடவில்லை. முதல் வரி பேஷைத் தேடுகிறது. ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படைத் தொகுப்பில் பேஷே கிடையாது, எஸ்ஹெச், சிஎஸ்ஹெச் போன்ற வேறு ஷெல்கள்தான். தனியாக நிறுவினாலும் அது ‘பின்’ டைரக்டரிக்கு வராது. ‘யூஎஸ்ஆர்’ அடியில் ‘லோக்கல்’ என்ற டைரக்டரிக்குள்தான் போய் உட்காரும். சிஸ்டத்தோடு வந்தது ஒரு பக்கம், நாம் சேர்த்தது இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எது யூனிக்ஸின் பொது வழக்கம், எது லினக்ஸ்காரர்கள் சேர்த்தது என்று அங்கேதான் எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

அப்புறம் அந்த மேனுவல் பக்கங்கள். ‘மேன் ஹையர்’ என்று அடித்தால் எந்த டைரக்டரி எதற்கு என்று முழு மரமும் விரியும். சிஸ்டத்தைச் செய்தவர்களே எழுதியது என்பதால் திரையில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஒத்துப்போகும். இதோடு அவர்களின் ஹேண்ட்புக்கில் அடிப்படைகள் பற்றிய அத்தியாயம் இருந்தால் போதும், காசு கொடுத்து கோர்ஸ் தேவையில்லை என்பது என் கட்சி. தைரியமாக உடைத்தும் பார்க்கலாம்: விர்ச்சுவல்பாக்ஸில் இருக்கும் நிலையை அப்படியே சேமிக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றை எடுத்துக்கொண்டு, பூட்டின்போது எந்த சர்வீஸ் எழ வேண்டும் என்று சொல்லும் ‘ஆர்சி.கான்ஃப்’ கோப்பில் வேண்டுமென்றே மேற்கோள் குறி ஒன்றை அழித்துவிட்டு பூட் செய்யுங்கள். பழுதுபார்க்க ரூட் மட்டும் நுழையும் சிங்கிள் யூசர் மோடு எதற்கு என்று புரியும்.

அடுத்த மாதம் இன்டர்வியூ என்றால் இந்தச் சுற்று வழி வேண்டாம். வேலைக்குப் போகும் இடங்களில் பெரும்பாலும் லினக்ஸ்தான். நேராக டெபியன் என்ற லினக்ஸ் வகையை எடுத்து, இன்ஸ்டாலர் கேட்கும்போது டெஸ்க்டாப் டிக்கை எடுத்துவிடுங்கள். நானும் பிறகு அங்கேதான் போனேன். மென்பொருள் நிறுவ ‘பிகேஜி’ போய் ‘ஆப்ட்’ வந்தது, சர்வீஸ்களுக்கு ‘ஆர்சி.கான்ஃப்’ இருந்த இடத்தில் ‘சிஸ்டம்சிடிஎல்’ கமாண்டு. பர்மிஷன், பைப், பிராசஸ், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் இவற்றில் புதிதாகப் படிக்க ஒன்றும் இல்லை. எந்தக் கோப்பு எங்கே என்று தேடியதில்தான் நேரம் போனது.